சண்டை அத்தியாயம் இருந்திருக்கிறது, அண்ணி

என் வசந்தி அண்ணிக்கு,

அன்போடுதான் தொடங்குகிறேன். கடைசி வரி வரைக்கும் அன்பாகவே எழுதுவேன் என்று உறுதி சொல்ல முடியாது.

உங்கள் முதல் வருஷத் திதி போன மாதம் நல்லபடியாக நடந்தது. அண்ணன் உங்கள் படத்தைப் போட்டு ஒரு நினைவுத் தாள் தயாரித்தான். நம் ஜெராக்ஸ் கடை மெஷினிலேயே காப்பி எடுத்து, மண்டி மொஹல்லாவில் உங்களைத் தெரிந்த கடைக்கெல்லாம் தானே நடந்துபோய்க் கொடுத்தான். தாளில் நான் எழுதித் தந்தது நாலு வரி. அதில் கடைசி வரி, 'பொய் சொல்லத் தெரியாதவர்' என்பது. அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதே மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு உண்மை தெரிந்தது. நீங்கள் வருஷக்கணக்கில் என் காதில் பூ சுற்றியிருக்கிறீர்கள்.

அதனால் இந்தக் கடிதம். இதையும் அதே மெஷினில் காப்பி எடுத்து, அந்தத் தாள் போன கடைகளுக்கெல்லாம் கொடுக்கப் போகிறேன். திருத்தம் என்றால் முழுசாகத்தானே செய்ய வேண்டும்? அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் டோனர் தீர்ந்துவிட்டது என்பான்.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனால் வாய் குறையவில்லை. கடையில் ஒரு மூலையைத் தடுத்து எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறோம். கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு பேசினாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் எல்லோரும் பேசுகிறார்கள். அண்ணனை இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி உறவுக்காரர்கள் வருகிறார்கள். அவன் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறான். நான் அதே நோட்டரி ஆபீஸில் அதே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ எழுதிய பிரமாணப் பத்திரங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனி நம் விஷயம். ஆனால் இதைப் படிக்கப்போகிற அக்கம்பக்கத்தாருக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பெண்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பலருக்கும் சந்தேகம் இருந்தது. சீட்டாடுகிறோம் என்று ஒரு பேச்சு. ஏதோ விரதம் என்று ஒரு பேச்சு. உண்மையில் நாங்கள் மாதேஸ்வரன் மலைக் காட்டில் கொள்ளைக்காரர்களோடு வாள்சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டிலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு மாணவன் முழுப் புத்தகத்தைக் காப்பி எடுக்கக் கொண்டுவந்தான். அது ஒரு விளையாட்டுப் புத்தகம். சுவாரஸ்யமாகத் தெரிந்தால் கடைக்கென்று ஒரு காப்பி போட்டுக்கொள்வது உங்கள் வழக்கம். அதற்கு நல்ல தாள் செலவழிக்க மாட்டீர்கள். மசி அப்பியும் கோணலாக விழுந்தும் வீணான தாள்களின் பின்பக்கத்தில்தான் எடுப்பீர்கள். அப்படித்தான் நம் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் மந்திரவாதியும் மறுபக்கத்தில் யாருடைய ரேஷன் கார்டோவும் வந்தன.

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதையை நடத்துவாள், அது நீங்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, என் ஆள் இதைச் செய்கிறாள், அதைச் சொல்கிறாள் என்று பேச வேண்டும். அடி பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை முடிவு செய்யும். புத்தகம் கேட்ட இருபது முகப் பகடை மைசூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. உங்கள் பிறந்த வீட்டுத் தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட வில்லைகளை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டீர்கள். கையை விட்டு ஒன்றை உருவினால் அதுதான் விதி.

பக்கத்துக் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து பிகோ அடிக்கும் சுமா, கெம்பம்மா என்ற வில்லாளியாக இருந்தாள். நமக்குத் தாள் கட்டு கொண்டுவந்து போடுகிற கடைக்காரரின் மகள் நூர்ஜஹான், வயதான ஒரு ஹக்கீமாக இருந்தாள். காயத்துக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. நான் செங்கமலம். கோட்டைக் காவல் படையை விட்டு ஓடிவந்த வாள்காரி.

கதையில் இன்னும் ஒரு சண்டைகூட வராத அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சட்டக் கல்லூரி மாலை வகுப்பை இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிட்டு நான் நோட்டரி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் யாரோடும் பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகூட வர மாட்டேன் என்றேன். நீங்கள் மாடிக்கு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள். காப்பி எடுக்கும்போது சண்டை அத்தியாயம் முழுக்க விட்டுப்போய்விட்டது, புத்தகக்காரப் பையன் ஊருக்குப் போய்விட்டான், இனி யார் முதலில் அடிப்பது, எப்போது சாவது என்று ஒன்றுமே தெரியாது, சட்டம் படித்தவள் நீ வந்து சொல்லாவிட்டால் விளையாட்டை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றீர்கள்.

நான் வந்தேன் அண்ணி. எழுந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். சண்டையில் ஒரு குழப்பம் வந்தால் விளையாட்டு நிற்கும். இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு நான் தீர்ப்புச் சொல்வேன். ஒப்புக்கொள்கிறவர்கள் வலது கையை மேஜைமேல் வைக்க வேண்டும். புறமுதுகு காட்டி ஓடுகிறவன் முதுகில் ஒரு அடி விழும் என்றது நான். கேடயம் பின்னாலிருந்து வரும் அடியைத் தடுக்காது என்றது நான். இருட்டில் வில்லாளிக்குப் பாதிக் கண்தான் என்று சொன்னபோது சுமா ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் கையை வைத்தாள். வாரம் பூராவும் டைப் அடித்துக்கொண்டே அடுத்த தீர்ப்பை யோசித்தேன். நோட்டரி கோணலாக எழுதிய வாக்கியத்தை நான் திருத்தக் கூடாது. இங்கே என் வாக்கியம்தான் சட்டம்.

நான் அந்த மேஜையை எவ்வளவு நம்பினேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். தெரிந்துதானே செய்தீர்கள்.

திதியன்று சாப்பாடு முடிந்து சுமாவும் நூரும் என்னோடு மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. பெங்களூரில் அந்த மாதிரி விளையாட்டுப் புத்தகங்கள் வருகிற கடை ஒன்று இருக்கிறதாம், அங்கே போய் விட்டுப்போன அந்த அத்தியாயத்தைத் தேடப் போகிறேன், அண்ணி பார்க்காமலே போன பக்கங்களை அவர் பெயரால் நம் புத்தகத்தில் சேர்த்துக் கட்டிவிடலாம் என்றேன். 

நூர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "அதுக்கு எதுக்குக்கா பெங்களூர் போகணும்? சுமாக்கா வீட்டுலதானே இருக்கு."

சுமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நூருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நீங்கள் போன பிறகு சுமா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்று அவள் நினைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியதுதான், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுமா ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அந்த அத்தியாயம் விட்டுப்போகவே இல்லை. நூர்தான் அன்றைக்குப் பக்கங்களை அடுக்கிப் பின் அடித்துக் கொடுத்திருக்கிறாள். நான் மாடியில் சுருண்டு கிடந்த வாரத்தில் நீங்கள் பின்னைப் பிரித்து, அந்தப் பக்கங்களை மட்டும் உருவி சுமாவிடம் கொடுத்து, அவள் பீரோவில் துணிக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நம் வீட்டில் வைத்தால் என் கையில் பட்டுவிடும் என்று.

"வசந்தி அக்கா ஹேளபேடா அந்த்ரு, கோமதி," என்றாள் சுமா. "சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. நீ அப்போ இருந்த இருப்புக்கு, உனக்குப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும்னு நெனச்சாங்க. பேஜாரு மாட்கோபேடா."

வருத்தப்படாதே என்கிறாள். எப்படி அண்ணி?

உங்களுக்கு நினைவிருக்கிறதா, குழந்தை இல்லை என்று உறவுக்காரப் பெண்கள் உங்கள் கன்னத்தைத் தடவி, பாவம் வசந்தி என்பார்கள். அவர்கள் படி இறங்கியதும் நீங்கள் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறைதான். "அடிச்சாக்கூடத் தாங்கிப்பேன் கோமதி. இந்தப் பாவம்ங்கிற வார்த்தையைத் தாங்க முடியலை. அதைச் சொன்ன நிமிஷத்துல நம்மளை மனுஷங்க கணக்குல இருந்தே எடுத்துடறாங்க," என்றீர்கள். அன்றைக்கு நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த உலகத்தில் என்னைப் பாவம் என்று ஒருநாளும் நினைக்காத ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயால் நீங்கள் சொல்லவே இல்லைதான். மூன்று பேர் கூடி, மேஜை போட்டு, வாரா வாரம் செய்து காட்டினீர்கள்.

கோபத்தில் நான் சுமாவோடும் நூரோடும் பேசுவதை நிறுத்தினேன். இரண்டு ஞாயிறு போனது. பிறகு ஒருநாள் சுமா ஆபீஸ் வாசலுக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடைப் பையை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே அந்தப் பக்கங்கள். நாப்தலின் வாசனை அடித்தது. அவற்றை மூன்று முறை படித்தேன், டைப் அடிக்க வேண்டிய பத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு.

உசிர் கணக்கைப் பற்றிய பத்தியை விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கொஞ்சம் உசிர் உண்டு, அடி விழ விழ அது குறையும், அது பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் செத்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். நம் ஆளுக்கும் அதுதான், எதிரிக்கும் அதுதான், விதிவிலக்கு கிடையாது. புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. பூஜ்யம் என்றால் விழுந்தான், அவ்வளவுதான். கட்டுப் போடத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்து உடனே காயத்தைக் கட்டினால் பிழைத்துக்கொள்வான். யாருமே வராவிட்டால்தான் சாவு.

மலைப்பாதை மரப்பாலத்தில் என் செங்கமலம் விழுந்தாளே, அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். நாலு வருஷம் நான் வளர்த்த ஆள். கொள்ளைக்காரனின் அடிக்காகச் சுருக்குப் பையிலிருந்து நீங்கள் உருவிய வில்லை பத்தொன்பது, தப்ப முடியாத அடி. என் உசிர் பூஜ்யம். நூர் சட்டென்று முன்னால் வந்து, "அண்ணி, ஹக்கீம் பக்கத்துலதான் நிக்கிறாரு. கட்டுப் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். நான்தான் தடுத்தேன். செத்தவளுக்கு என்ன கட்டு, எனக்கு ஒரு சட்டம் கொள்ளைக்காரனுக்கு ஒரு சட்டமா என்றேன். நீங்கள் வில்லையைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"நல்லா யோசிச்சியா கோமதி? மாத்திக்கணும்னா இப்பவே மாத்திக்கோ."

மாட்டேன் என்றேன். சரி, தீர்ப்பு தீர்ப்புதான் என்று சொல்லி மூன்று பேரும் மேஜைமேல் கையை வைத்தீர்கள். நான் நியாயஸ்தியாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். மறுவாரம் புதிதாக ஒரு ஆளை எடுத்துக்கொண்டேன், அவள் பெயர்கூட இப்போது எனக்கு ஒட்டவில்லை.

மூன்று பேருக்கும் தெரியும், அண்ணி. அவள் சாகவில்லை என்று அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ஆனால் சொன்னால் உங்கள் பொய் உடைந்துவிடும். என் வாள்காரியா, உங்கள் பொய்யா என்று வந்தபோது நீங்கள் எதைக் காப்பாற்றினீர்கள்?

ஒரு விளையாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். எனக்குக் கேள்வி செங்கமலத்தைப் பற்றியது மட்டும் இல்லை. நான் பேசியபோதெல்லாம் நீங்கள் தலையை ஆட்டினீர்களே, அது உண்மையா? "இதை ஒரு ஜட்ஜ் கேட்டா அசந்துபோவான்டி" என்றீர்களே, அது நிஜமாக வந்ததா, இல்லை காய்ச்சல்காரிக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி ஊட்டியதா? என் வாழ்க்கையில் நான் பெருமையாக நினைத்தது அந்த மேஜை ஒன்றுதான். அதில் எது என்னுடையது, எது நீங்கள் போட்ட பிச்சை என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்னும் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த அத்தியாயத்தை முழுசாகப் படித்துப் பார்த்தீர்களா? அது ஒரே குழப்பம், அண்ணி. ஒரு பக்கத்தில், சண்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடிக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்து உதாரணத்தில் முதலில் அடிக்கிறவன் எதிராளியைச் சாய்த்துவிடுகிறான், சாய்ந்தவன் திருப்பி அடிப்பதே இல்லை. ஒரே நேரம் என்றால் அவன் அடியும் விழுந்திருக்க வேண்டாமா? பின்வாங்குவது என்று ஒரு சொல், ஓடுவது என்று இன்னொரு சொல், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கேயும் இல்லை. முதுகில் அடி விழுவது எதற்கு என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம், இதை நடத்துகிறவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று கை கழுவி விட்டிருக்கிறார்கள்.

நான் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கைகலப்பு தொடங்குமுன் அம்பும் கல்லும் பறப்பதுதான் ஒரே நேரம். வாள் மோதத் தொடங்கிவிட்டால் வரிசைதான். உதாரணம் வாளைப் பற்றியது, அந்த வாக்கியம் அம்பைப் பற்றியது. அப்படிப் படித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. எதிரியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தால் பின்வாங்குவது, அதற்கு அடி கிடையாது. திரும்பினால் ஓட்டம், அடி உண்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது.

அப்படியானால் பக்கங்களை ஏன் ஒளித்தீர்கள்? மாடிக்கு ஏறி வந்து, "சண்டை அத்தியாயம் ஒண்ணுமே புரியலை, வந்து தெளிவுபடுத்து" என்று கேட்டிருக்கலாமே. அது நூற்றுக்கு நூறு உண்மை. உங்களுக்கு நிஜமாகவே நான் தேவைப்பட்டிருப்பேன். உண்மையான வேலை கையருகில் இருக்கும்போது பொய்யான வேலையைச் செய்து கொடுத்தீர்கள். நான் அந்தக் குழப்பத்தைத் தாங்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? வெற்றுத் தாளில் நான் கிறுக்குவதே போதும் என்று நினைத்தீர்களா?

நூர் என்னைச் சும்மா விடவில்லை. திரும்பத் திரும்பக் கடைக்கு வந்து, இந்தத் தடவை எல்லாப் பக்கத்தோடும் ஆரம்பிப்போம், நீங்களே நடத்துங்கள் அக்கா என்றாள். போன மாதக் கடைசியில் ஷட்டரைப் பாதி இறக்கினோம். உங்கள் நாற்காலியில் நான் உட்காரவில்லை. அதை எடுத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போட்டுவிட்டேன். இப்போது யார் யாரோ உட்கார்ந்து துபாய்க்குப் பேசுகிறார்கள்.

முதல் சண்டையிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஹக்கீம் ஒருவருக்குக் கட்டுப் போடும்போது அவர்மேல் அடி விழுந்தால் தடுக்க முடியுமா? புத்தகம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, முடியாது என்றேன். நூர் ஒத்துக்கொள்ளவில்லை. குனிந்து உட்கார்ந்திருக்கிறவர் முதுகில் கேடயத்தை மாட்டிக்கொண்டால் கை எதற்கு என்றாள். முதுகுக் கேடயம் என்ற ஒன்று கிடையாது என்றேன். மழைக்கு முதுகில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூட்டை தூக்குகிறவர்களை இந்தச் சந்தில் நீங்கள் பார்த்ததே இல்லையா என்று கேட்டாள். நான் பேசினேன், அவள் பேசினாள், குரல் ஏறிவிட்டது. சுமா யோசித்துவிட்டு நூர் பக்கம் கையை வைத்தாள்.

நான் தோற்றேன், அண்ணி.  அப்போதுதான் ஒன்று உறைத்தது. உங்கள் காலத்தில் அந்த மேஜையில் நான் ஒருமுறைகூடத் தோற்றதே இல்லை. இத்தனை வருஷமும் மூன்று கைகளும் தவறாமல் என் பக்கமே விழுந்தன. அதில் ஒரு சந்தேகமும் வராத அளவுக்கு நான் அசடாக இருந்திருக்கிறேன். தோற்ற அவமானத்தைவிட அதுதான் என்னைச் சுட்டது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது.

சுமாவின் வீட்டுக்காரருக்குச் சாமராஜநகருக்கு மாற்றல் ஆகிவிட்டது. கடையை மூடிவிட்டு வா என்கிறார். அவள் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய கடை. தையல் மெஷினைத் துணி போட்டு மூடியே வைத்திருக்கிறாள். போன ஞாயிறு வந்தபோது கண் வீங்கியிருந்தது, என்ன என்று கேட்டால் தூசி என்றாள். விளையாட்டில் ஹக்கீம் ஒரு கொள்ளைக்காரனோடு கட்டிப் புரண்டுகொண்டிருந்தார். கெம்பம்மா அம்பு விட்டாள். கட்டிப் புரள்கிற இடத்தில் அம்பு விட்டால் யார்மேல் படும் என்பதை வில்லைதான் முடிவு செய்யும். இது புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது, இரண்டாவது அர்த்தமே கிடையாது. வில்லை ஹக்கீமுக்கு வந்தது. கட்டுப் போடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவர் விழுந்தால் அவருக்குக் கட்டுப் போட ஆள் இல்லை.

கெம்பம்மா பழகிய வில்லாளி, அவள் குறி தப்பாது, தன் ஆளை அவள் அடிக்க மாட்டாள் என்றாள் சுமா. வாதமே இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. பிறகு சின்னக் குரலில், "இந்த ஒரு தடவை, கோமதி. எல்லாம் என் கையாலேயே போகுது," என்றாள்.

நூர் தன் கையை மேஜைமேல் வைத்துவிட்டாள். விழப்போவது அவளுடைய ஹக்கீம், அவளுக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகம் தெளிவாகச் சொல்வதை மீற வேண்டுமானால் எல்லாக் கையும் விழ வேண்டும், மிச்சம் என் கைதான். அது பாதி தூரம் போய்விட்டது, அண்ணி. எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? கையை வைத்தால் அவள் சிரிப்பாள். நாங்கள் டீ குடித்துவிட்டுக் கலைவோம். அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். நீங்கள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாளில் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. புரிந்ததால் உங்கள் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அம்பு ஹக்கீமுக்குத்தான் என்றேன்.

சுமா வில்லைகளை அள்ளிச் சுருக்குப் பையில் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். டீயைத் தொடவில்லை. இந்த வாரம் முழுக்க அவள் கடை மூடிக் கிடந்தது. என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள். நாளை ஞாயிறு. வருவாளா என்று தெரியாது. வராமலே சாமராஜநகர் போய்விட்டாலும் போய்விடுவாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வந்தால் அவளோடு உண்மையாகச் சண்டை போடுவேன். அவள் சொல்வது சரி என்றால் ஒத்துக்கொள்வேன், தப்பு என்றால் தப்பு என்பேன். வராவிட்டால் பஸ் ஏறிச் சாமராஜநகர் போய், அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எதற்காகக் கடையை மூட வேண்டும் என்று அவளோடும் அவள் வீட்டுக்காரரோடும் வாதாடுவேன். அங்கே நான் தோற்கலாம். ஆனால் அவளைப் பாவம் என்று நினைத்து ஒரு பொய் வெற்றியை அவள் கையில் கொடுக்க மாட்டேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய மாட்டேன், அண்ணி.

உங்களோடு ஒருமுறையாவது நிஜமாகத் தோற்றிருக்க வேண்டியவள்,
உங்கள் நாத்தனார்
கோமதி